அடுத்த கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கப்போகும் குழுவினருக்கு

இராணுவக் கைத்துப்பாக்கித் தேர்வுக் குழுக்களில் அமர்ந்திருக்கும், இனி அமரப்போகும் அனைவருக்கும்,

வணக்கம். நீங்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான்.

ஏதோ ஓர் இராணுவம் தன் பழைய கைத்துப்பாக்கிக்கு ஓய்வு கொடுக்கப்போகிறது என்ற செய்தி கசிந்தாலே என்னைப் போன்றவர்கள் கணிக்கத் தொடங்கிவிடுவோம். எந்தக் கம்பெனி, எந்த மாதிரி, ஏன் அது என்று வாரக்கணக்கில் பேசுவோம். பல வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். சில முறை சரியாகச் சொல்லியிருக்கிறேன், பல முறை தவறியிருக்கிறேன். தவறியதற்கான காரணங்களைத் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தபோதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் முடிவு வெளியாள் கணிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் நிபந்தனைப் பட்டியலையும் சோதனை எண்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால், நீங்கள் எந்தத் துப்பாக்கியில் போய் நின்றீர்களோ அதே துப்பாக்கியில் அவரும் போய் நிற்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால், ஒன்று நீங்கள் எதையோ மறைத்திருக்கிறீர்கள், அல்லது எதையோ அளக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய இராணுவம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து வால்தர் பி38-ஐ மாற்ற முடிவு செய்தது. உள்நாட்டிலேயே ஸ்டெயர் என்ற பழம்பெரும் ஆயுத நிறுவனம் இருந்தது. ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி நிறுவனங்களும் போட்டியில் இருந்தன. அன்று யாரிடம் கேட்டிருந்தாலும் இவற்றில் ஒரு பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். வென்றவரோ அதுவரை கைத்துப்பாக்கியே செய்திராத ஒருவர். இராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்துக்கொண்டிருந்த காஸ்டன் கிளாக். பெயரை வைத்துக் கணித்தவர்கள் அத்தனை பேரும் தோற்றார்கள்.

ஆனால் அந்தத் தேர்வில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இராணுவம் முன்கூட்டியே 17 நிபந்தனைகளை வைத்திருந்தது. கழற்றவும் பூட்டவும் எந்தக் கருவியும் தேவைப்படக்கூடாது. மொத்த பாகங்கள் 58-ஐத் தாண்டக்கூடாது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மேல் விழுந்தாலும் தானாக வெடிக்கக்கூடாது. முதல் 10,000 தோட்டாக்களில் 20 தடவைக்கு மேல் சிக்கக்கூடாது. எல்லாமே அளந்து பார்க்கக்கூடியவை. கிளாக் 17-இல் இருந்தவை முப்பத்துச் சொச்சம் பாகங்கள்தான். அந்தப் பட்டியலைப் படித்து, போட்டிக்கு வந்த துப்பாக்கிகளை மேசையில் கழற்றிப் பார்த்த ஒருவருக்கு 1982-இல் வந்த முடிவு வியப்பாக இருந்திருக்காது. இரண்டு மீட்டர் நிபந்தனையை மட்டும் நினைவில் வையுங்கள், அதற்குத் திரும்ப வருவேன்.

அதற்கும் எழுபது ஆண்டுகள் முன்னால் அமெரிக்க இராணுவம் நடத்திய தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில் கோல்ட், சாவேஜ் என்ற இரண்டு துப்பாக்கிகள் மோதின. 1911 மார்ச்சில் ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுட்டார்கள். கைவைக்க முடியாத அளவு சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். சாவேஜ் 37 முறை கோளாறு செய்தது, கோல்ட் ஒருமுறைகூடச் செய்யவில்லை. மாதம் முடிவதற்குள் கோல்ட் ஏற்கப்பட்டது. அந்தத் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் கட்டைவிரலால் தள்ளும் ஒரு சேஃப்டி, அதாவது தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் பூட்டு, உண்டு. ஆரம்ப வடிவங்களில் அது கிடையாது. மிரளும் குதிரையை ஒரு கையால் அடக்கிக்கொண்டு, சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியை மறு கையால் உறையில் போட வேண்டியிருக்கிறதே என்று குதிரைப்படையினர் கேட்டதால் வந்தது அது. சுமக்கப்போகிறவன் கேட்டான், குழு காதில் வாங்கியது, இரும்பில் வந்துவிட்டது. எண்ணைப் பார்த்துவிட்டுச் சாவேஜின்மேல் பந்தயம் கட்டியிருக்கக்கூடிய ஆள் எவரும் இல்லை. ஒரு தேர்வு நடக்கவேண்டிய விதம் இது என்பேன்.

இனி, கணிக்க முடியாமல் போனவை.

1984-இல் அதே அமெரிக்க இராணுவம் கோல்ட்டுக்கு மாற்றாக 9 மி.மீ. தோட்டா சுடும் ஒரு துப்பாக்கியைத் தேடியது. அதற்கு முன்பே விமானப்படை ஒருமுறை சோதித்து இத்தாலியின் பெரெட்டாவைச் சொல்லியிருந்தது, இராணுவம் அதை ஏற்கவில்லை. 1981-இல் இன்னொரு சுற்று தொடங்கி, எதுவும் தேறவில்லை என்று கைவிடப்பட்டது. மூன்றாம் சுற்றில் எட்டுத் துப்பாக்கிகள் வந்தன. தேறியவை இரண்டு, பெரெட்டாவும் சிக் சாவரும். வெளியேற்றப்பட்டவற்றில் ஒன்று ஸ்மித் அண்ட் வெசன். அதன் ஊசி தோட்டாவின் பின்புறத்தில் அடிக்கும் விசை போதவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பிறகு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, ஓர் அளவு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எண்ணை முழுமையாக்கியதால் வந்த வேறுபாடு அது என்று தெரியவந்தது. தசம புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் இலக்கத்தை எந்தக் கணிப்பாளர் கணிப்பார்?

தேறிய இரண்டில் சிக் ஒரு துப்பாக்கிக்குக் கேட்ட விலை 176 டாலர் சொச்சம். பெரெட்டாவோ 178 டாலர் சொச்சம். ஆகவே சிக்தானே? இல்லை. மேகசின்கள் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டிகள்), உதிரி பாகங்கள் எல்லாம் சேர்த்துக் கூட்டியபோது பெரெட்டா சுமார் 30 லட்சம் டாலர் மலிவாக நின்றது. 1985 ஜனவரியில் பெரெட்டா, எம்9 என்ற பெயரில் இராணுவத் துப்பாக்கி ஆனது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மேகசின் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்பு, அதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. என் வருத்தம், இந்தக் கணக்கு வழக்குகளும் விசாரணைகளும் வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது என்பதில்தான். முதலிலேயே மேசையில் வைத்திருந்தால் நான்கு ஆண்டுச் சந்தேகம் மிச்சமாகியிருக்கும்.

அந்தச் சந்தேகம் வெறும் வம்பாகவும் முடியவில்லை. 1987-இலும் அடுத்த ஆண்டிலும் சில பெரெட்டாக்களின் ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய்வரும் மேல்பாகம்) சுடும்போதே உடைந்து பின்னால் பறந்தது. கடற்படையின் சிறப்புப் பிரிவினர் முகத்தில் காயம் பட்டார்கள். உலோகமா, அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் கொண்ட தோட்டாவா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. உடைந்தாலும் ஸ்லைடு பின்னால் பறக்காதபடி ஊசியைத் தட்டும் சுத்தியலின் ஆணியைப் பெரிதாக்கி நிறுவனம் சரிசெய்தது. மறுபடியும் ஒரு தேர்வு நடந்தது, 1989-இல் மறுபடியும் பெரெட்டாவே வென்றது. கடற்படைச் சிறப்புப் பிரிவு காத்திருக்கவில்லை, சிக் பி226 பக்கம் போய்விட்டது.

எம்9-க்கு மாற்றுத் தேடியபோதுதான் நான் தவறினேன். 2015 ஆகஸ்டில் அதற்கான டெண்டர் வந்தது. 360 பக்கத்துக்கும் மேல் நீண்ட ஆவணம், இரண்டு ஆண்டுச் சோதனை, சோதனைக்கு மட்டும் 1 கோடியே 70 லட்சம் டாலர். ஒரு கைத்துப்பாக்கிக்கு இத்தனையா என்று இராணுவத் தலைமைத் தளபதி மார்க் மில்லியே வெளிப்படையாகப் பொறுமை இழந்து பேசினார். நான் அவர் பக்கம் இல்லை. பக்கம் அதிகமாவதில் தவறில்லை, அந்தப் பக்கங்களில் எழுதியதைச் செய்யாமல் விடுவதில்தான் தவறு.

கிளாக் வெல்லும் என்று சொன்னேன். சிறப்புப் படையினர் ஏற்கெனவே அதைச் சுமந்தார்கள், பல நாட்டு இராணுவங்களில் பல்லாண்டு அனுபவம் இருந்தது, நல்ல காரணங்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். 2017 ஜனவரி 19 அன்று வென்றது சிக் சாவர் பி320 என்று அறிவிக்கப்பட்டது. கிளாக் முறையீடு செய்தது. அந்த முறையீட்டின் மீதான தீர்ப்பு வெளிவந்தபோதுதான் எண்கள் தெரிந்தன. சிக்கின் மொத்த மதிப்பீட்டு விலை 16 கோடியே 95 லட்சம் டாலர், கிளாக்கினுடையது 27 கோடியே 22 லட்சம். பத்துக் கோடிக்கும் மேல் வித்தியாசம். இந்த ஒரு வரியை முன்பே பார்த்திருந்தால் எவரும் சரியாகக் கணித்திருப்பார்கள். நானும்தான்.

அதே தீர்ப்பில் என்னை உறுத்துவது வேறு. கடுமையான நீண்ட சோதனைகளை ஒப்பந்தத்துக்கு முன் இரண்டு துப்பாக்கிகளுக்கும் நடத்தாமல், ஒப்பந்தம் போட்ட பிறகு வென்றவருக்கு மட்டும் நடத்துவது என்று குழு முடிவு செய்தது. அது குழுவின் உரிமைக்கு உட்பட்டதே என்று முறையீடு தள்ளுபடியானது. சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பின்சோதனையில் என்ன நடந்தது? கீழே போட்டபோது துப்பாக்கி வெடித்தது. விழும் அதிர்ச்சியில் ட்ரிகர் தன் எடையாலேயே பின்னால் நகர்ந்ததுதான் காரணம். ட்ரிகர் பகுதியின் பாகங்களை இலேசாக்கிச் சரிசெய்தார்கள். பொதுமக்களுக்கு விற்ற பி320-களுக்கும் 2017 ஆகஸ்டில் அதே நிறுவனம் ஒரு திருத்தத்தை அறிவித்தது.

இதற்குச் சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரியர்கள் பட்டியலில் எழுதிவைத்த இரண்டு மீட்டர் நினைவிருக்கிறதா? கையெழுத்துக்கு முன் தெரியவேண்டியது கையெழுத்துக்குப் பின் தெரிந்தது. கிளாக் வென்றிருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. இரண்டையும் கடைசி வரை சோதித்துவிட்டுச் சிக்கையே எடுத்திருந்தாலும் மனதார ஏற்றிருப்பேன்.

என் போன்றவர்களின் குறையையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஆசையைக் கணிப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். பழைய கோல்ட் சுட்ட, 9 மி.மீ.-ஐவிடப் பெரிய .45 தோட்டா திரும்பி வரும் என்று எத்தனை ஆண்டுகள் எழுதினோம்! 2005-இல் அமெரிக்காவில் .45-க்கான ஒரு திட்டம் தொடங்கியபோது கொண்டாடினோம், அடுத்த ஆண்டே அது நின்றுபோனது. 9 மி.மீ. இலேசு, மேகசினில் அதிகம் கொள்ளும், நேட்டோ நாடுகள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். கிடங்கில் இருக்கும் தோட்டாவை எதிர்த்து எந்தத் துப்பாக்கியும் எளிதில் ஜெயிப்பதில்லை.

2013-இல் பிரிட்டன் தன் பழைய பிரவுனிங்கை விட்டு கிளாக் 17-க்கு மாறியபோது பலர் சரியாகக் கணித்திருந்தார்கள். காரணம் எளிது. பதின்மூன்று தோட்டாவுக்குப் பதில் பதினேழு, எடை குறைவு, உறையிலிருந்து உருவியவுடன் சுடலாம். 2020-இல் பிரான்ஸ் சுமார் 75,000 கிளாக்குகளைத் தேர்ந்தபோதும் யாரும் திடுக்கிடவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். எதற்கு எத்தனை மதிப்பெண், விலைக்கு எவ்வளவு பங்கு, நம்பகத்தன்மைக்கு எவ்வளவு என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே சொல்லுங்கள். வென்றதன் எண்களோடு தோற்றவற்றின் எண்களையும் வெளியிடுங்கள். நிறுவனங்களின் வடிவமைப்பு இரகசியங்கள் வேண்டாம், எத்தனை சுட்டது, எத்தனை முறை சிக்கியது, எத்தனை உயரத்திலிருந்து விழுந்தது என்பது போதும். கடைசிச் சுற்றில் இருக்கும் எல்லாத் துப்பாக்கிகளையும் கையெழுத்துக்கு முன்னால் ஒரே சோதனைக்கு உட்படுத்துங்கள். அதற்கு ஆகும் செலவு, பின்னால் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி ட்ரிகர் மாற்றும் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

கைத்துப்பாக்கி போரை வெல்லும் ஆயுதம் அல்ல என்பது எனக்கும் தெரியும். விமானி, டாங்கி ஓட்டுபவர், காயம்பட்டவரைத் தூக்கும் மருத்துவ உதவியாளர், இராணுவக் காவலர் ஆகியோர் இடுப்பில் கிடப்பது அது. பெரும்பாலோர் பணிக்காலம் முழுக்க அதை உருவவே மாட்டார்கள். உருவும் நாளில் வேறு எதுவும் கையில் இருக்காது. மீதி நாளெல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும் அது அவர்கள் தொடையோடு ஒட்டியபடியே இருக்கும், குழல் அவர்கள் காலைப் பார்த்தபடி. அதனால்தான் விழுந்தால் வெடிக்குமா என்ற கேள்வியை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன்.

உங்கள் அடுத்த டெண்டருக்கு என் கணிப்பை இப்போதே எழுதிவைக்கிறேன். 9 மி.மீ. தோட்டா, பாலிமர் உடல், வெளியே சுத்தியல் தெரியாத வகை, பதினேழு தோட்டா மேகசின், ஸ்லைடின் மேல் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி பொருத்த வெட்டு, கை அளவுக்கேற்ப மாற்றக்கூடிய பிடி. நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதாமல் விடுகிறேன். சோதனைத் தாளை நீங்கள் வெளியிடும் நாளில், நீங்கள் அறிவிப்பதற்கு முன்பே அந்தப் பெயரை நானே நிரப்பிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் முடிவுகளை விடாமல் கவனித்துவரும் ஒரு வாசகன்