செவிலியர்கள் சங்கம் வைத்தால் என்ன தவறு?

ஆசிரியருக்கு வணக்கம். காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவைச் சேர்த்திருந்தோம். மாற்றிவிட ஆள் வராததால், இரவுப் பணி பார்த்த செவிலியரே பகலிலும் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். சங்கம் என்று வாயெடுத்தால் வேலை போய்விடும் என்றார்.

தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் மருத்துவமனையும் தொழில்தான் என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, மற்றத் தொழில்களைப் போல அங்கேயும் சங்கம் வைத்தால் என்ன? 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் அரசு ஒப்பந்தச் செவிலியர்கள் திரண்டு உட்கார்ந்த பிறகுதானே, அவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் சம்பளம் என்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது? சரி, போராட்டம் நோயாளிக்குத் தொந்தரவு என்பார்கள், கண் சொருகும் ஆள் ஊசி போடுவது மட்டும் தொந்தரவு இல்லையா? தொழிலாளர் துறை அதிகாரிகள் எங்கள் ஊர் மருத்துவமனைகளின் வருகைப் பதிவேட்டை முதலில் புரட்டிப் பார்க்கட்டும்.

- ஒரு வாசகர், காரைக்குடி