முதலில் தூங்கு, அப்புறம் ஓடு

கண்ணம்மா,

இரவு ஒரு மணிக்கு மெசேஜ் அனுப்புகிறாய், காலை ஐந்து மணிக்கு மைதானம் என்கிறாய். தடை ஓட்டத்தில் நேரம் குறையவே மாட்டேன் என்கிறது, அதனால் இன்னும் கூடுதலாகப் பயிற்சி செய்யப் போகிறேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். வேண்டாம்மா. முதலில் தூங்கு.

நீ அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். துப்பாக்கி வெடித்ததும், கால் ஊன்றிக் கிளம்புகிற பிளாக்கை விட்டு எழுவதிலேயே ஒரு தாமதம், அப்புறம் கடைசித் தடைகளில் பின்னால் வருகிற கால் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போகிறது. கால் பலம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தூக்கம் குறைந்தால் பலத்துக்கு முன்னால் அடிபடுவது கவனமும் வேகமாகச் செயல்படுவதும்தான், அதே தூரம் ஓடினாலும் உடம்புக்கு அது பெரிய பாரமாகத் தெரியும். பயிற்சியில் நொந்துபோகிற தசையைச் சரிசெய்ய உதவும் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதே ஆழ்ந்த தூக்கத்தில்தான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை, தினமும் குறைந்தது 10 மணி நேரமாவது படுக்கையில் இருக்கச் சொல்லி, ஐந்து முதல் ஏழு வாரம் கவனித்தார்கள். 2011-இல் வெளிவந்த ஆய்வு. 16.2 வினாடியில் ஓடிய தூரத்தை 15.5 வினாடியில் ஓடினார்கள், பந்தைக் கூடையில் போடுவதும் 9 சதவீதம் தேறியது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது, இருந்தாலும் அரை வினாடிக்கு மேல் குறைந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எனக்கு அதைவிடக் கவலை காயம்தான். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி வயது வீரர்களுக்கு, காயம் ஏற்பட்டிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல 1.7 மடங்கு இருந்ததாக 2014-இல் ஒரு ஆய்வு வந்தது.

காபி குடித்துச் சமாளிக்கிறேன் என்று சொல்லாதே. குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் அதில் பாதி உடம்பில் நிற்கும், மாலையில் குடித்தால் அந்த இரவுத் தூக்கமும் போய்விடும்.

போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் புரண்டால் மட்டும் பதறாதே, நிறைய பேருக்கு அப்படித்தான், ஒரு இரவில் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மதியம் இருபது நிமிடம் கிடைத்தாலும் படு.

ஐந்து மணிப் பயிற்சியை ஆறரைக்கு மாற்ற முடியுமா என்று கோச்சிடம் கேள். முடியாது என்றால் ஒன்பது மணிக்கே படுத்துவிடு, போனை வேறு அறையில் வை. எனக்கு மெசேஜ் காலையில் அனுப்பினால் போதும்.

அப்பா