மாயாவியை எழுதியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் காமிக்ஸ் கதாநாயகன் இரும்புக்கை மாயாவி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1972-ல் முத்து காமிக்ஸ் அந்தக் கதையோடு தொடங்கிய வரலாறும், ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையைப் பற்றிய பத்தியும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் கட்டுரை முழுவதும் தேடியும் கதாசிரியரின் பெயர் கிடைக்கவில்லை. ‘லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் படைப்பு’ என்பதோடு முடித்துவிட்டீர்கள். நிறுவனம் கதை எழுதாது. எழுதியவருக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர் நம் வரை வராமல் போனதற்குக் காரணமும் உண்டு.

‘தி ஸ்டீல் கிளா’ என்ற பெயரில் இந்தத் தொடர் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழின் முதல் இதழிலேயே, 1962 அக்டோபர் 6-ஆம் தேதி தொடங்கியது. தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர். பிறகு டாம் டல்லி பொறுப்பேற்று நெடுங்காலம் எழுதினார். பல்மர் அடிப்படையில் ஒரு விஞ்ஞானக் கதை எழுத்தாளர். 1921-ல் லண்டனில் பிறந்தவர். சொந்தப் பெயரிலும் பல புனைபெயர்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ஆலன் பர்ட் ஏக்கர்ஸ் என்ற பெயரில் வந்த டிரே பிரெஸ்காட் சாகச வரிசையும், ஆடம் ஹார்டி என்ற பெயரில் வந்த கடற்போர்க் கதைகளும் இவருடையவைதான். விஞ்ஞானக் கதைப் பத்திரிகை ஆசிரியர் ஜான் கார்னெல் 1972-ல் மறைந்தபோது, அவர் நடத்திவந்த ‘நியூ ரைட்டிங்ஸ் இன் எஸ்.எஃப்.’ என்ற சிறுகதைத் தொகுதி வரிசையை 22-ஆம் தொகுதியிலிருந்து ஏற்று நடத்தியவரும் பல்மரே.

அந்த அனுபவம் மாயாவியில் தெளிவாகத் தெரிகிறது. மாயாவியான லூயிஸ் கிராண்டேல் நினைத்த நேரத்தில் மறைந்துவிட முடியாது. மின் அதிர்ச்சி உடலில் பாய வேண்டும். பாய்ந்தாலும் அதன் வேகம் தீரும்வரைதான் மறைவு. உலோகக் கை மட்டும் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். இந்த மூன்று கட்டுப்பாடுகளும்தான் கதையை ஓட்டுகின்றன. மின்சாரம் எங்கே கிடைக்கும், எந்த நொடியில் உருவம் திரும்பும், அந்தரத்தில் மிதக்கும் கையை எப்படி ஒளிப்பது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு சிக்கல் தானாகவே பிறக்கிறது. ஒரு அதிசயத்தை மட்டும் அனுமதித்து, அதற்கு எல்லை கட்டி, அந்த எல்லைக்குள்ளேயே கதையைத் தேடுவது விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளில் கைவரும் பழக்கம். இதற்கான பாராட்டையும் ஓவியர் கணக்கிலேயே எழுதிவிடுவது நியாயமில்லை.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று உங்கள் வாசகர்கள் அறிவது நல்லது. ஒரு தொடருக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று பக்கம். முதல் படக் கட்டத்தில் சென்ற வாரச் சுருக்கம். கடைசிக் கட்டத்தில் அடுத்த வாரம் வாங்கவைக்கும் திருப்பம். இடையில் இருக்கும் சொற்பக் கட்டங்களில்தான் கதை நகர வேண்டும். எழுத்தாளர் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன தெரிய வேண்டும், யார் என்ன பேச வேண்டும் என்று தட்டச்சு செய்து கொடுப்பார். கதைக்கருவை அலுவலகத்திலேயே யோசித்து வெளி எழுத்தாளரிடம் ஒப்படைப்பதும் உண்டு. உதவி ஆசிரியர் வசனத்தைச் சுருக்குவார். ஓவியம் வந்தபின் படத்துக்கும் வசனத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் வசனம்தான் மாறும், ஏனென்றால் படத்தைத் திருப்பி வரையச் சொல்ல நேரம் இருக்காது. ஓவியர் வேறு நாட்டில் இருந்தால் இன்னும் கஷ்டம்.

இதழில் கூப்பன் ஒன்று இருக்கும். வாசகச் சிறுவர்கள் தமக்குப் பிடித்த கதைகளை அதில் குறித்து அனுப்புவார்கள். அந்த எண்ணிக்கையில் பின்தங்கும் தொடர் சில வாரங்களில் மூடப்படும். இதழே பின்தங்கினால் வேறொரு இதழோடு இணைக்கப்படும். 1974-ல் லண்டன் ‘லயன்’ இதழ் ‘வேலியண்ட்’டோடு சேர்ந்தது, 1976-ல் ‘வேலியண்ட்’டே ‘பேட்டில்’ இதழுக்குள் போய்விட்டது. ஆகவே ஒரு எழுத்தாளர் ஒரே நேரத்தில் மூன்று நான்கு தொடர்களைக் கையில் வைத்திருந்தால்தான் பிழைப்பு. விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகள் தந்த சன்மானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வாரந்தோறும் தவறாமல் வரும் காமிக்ஸ் காசோலைதான் பலரைத் தாங்கியது. உதாரணமாக, விஞ்ஞானக் கதை எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் பதினேழு வயதில் ‘டார்ஸான் அட்வென்சர்ஸ்’ இதழின் ஆசிரியரானார். பிறகு ஃப்ளீட்வேயில் வேலை பார்த்தார். 1964-ல் கார்னெலிடமிருந்து ‘நியூ வேர்ல்ட்ஸ்’ பத்திரிகையை ஏற்று விஞ்ஞானக் கதையின் போக்கையே மாற்றினார். காமிக்ஸ், விஞ்ஞானக் கதை என்ற இரண்டு உலகங்களுக்கும் இடையே சுவர் இருந்ததில்லை.

பெயர் மறைந்ததற்குக் காரணம் வியாபாரம். பெயர் அச்சானால் போட்டி நிறுவனம் அந்த ஆளை அழைத்துக்கொள்ளும், அவரும் கூடுதல் பணம் கேட்பார் என்ற பயம். ஓவியர் மூலையில் இட்ட கையெழுத்தை வெள்ளை மையால் அழித்தார்கள். சன்மானக் காசோலையின் பின்பக்கத்தில் எல்லா உரிமையையும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். வங்கியில் போட வேண்டுமானால் அதன் கீழே கையெழுத்திட வேண்டும். மறுபதிப்புக்கும் வெளிநாட்டு உரிமைக்கும் எழுத்தாளருக்குப் பைசா கிடையாது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் விற்ற பிரதிகளால் பல்மருக்கோ டல்லிக்கோ பயன் இருந்திருக்காது. அது சிவகாசிப் பதிப்பாளரின் குற்றமும் ஆகாது, அவர் உரிய இடத்தில் பணம் கட்டித்தான் உரிமை வாங்கினார்.

இந்த வழக்கத்தை உடைத்தது ‘2000 ஏடி’. 1977 பிப்ரவரியில் தொடங்கிய அந்த விஞ்ஞானக் காமிக்ஸில் கலைப் பிரிவில் இருந்த கெவின் ஓ’நீல், மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திராமல் கதையின் முதல் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தினார். கதை இன்னார், ஓவியம் இன்னார், எழுத்துப் பொறிப்பு இன்னார் என்று அதில் இருந்தது. விளையாட்டாக எல்லோரையும் ‘ரோபோ’ என்று குறிப்பிட்டதால் அது இதழின் வேடிக்கைகளில் ஒன்றுபோல நுழைந்துவிட்டது. அதன் பிறகுதான் ஜான் வாக்னர், பேட் மில்ஸ், ஆலன் மூர் போன்ற கதாசிரியர்களின் பெயர்கள் வாசகருக்குப் பழகின. அங்கேகூட ஆசிரியர்கள் ‘தார்க்’ என்ற வேற்றுக்கிரகவாசி முகமூடிக்குப் பின்னால்தான் இருந்தார்கள். பேட் மில்ஸ், கெல்வின் காஸ்னெல், நிக் லாண்டாவ், ஸ்டீவ் மெக்மேனஸ் என்று ஆள் மாறினாலும் வாசகருக்கு ஒரே தார்க்.

நம் வாசகர்கள் வியக்கும் இன்னொரு பெயரும் இப்படித்தான் மறைந்தது. லயன் காமிக்ஸ் மூலம் தமிழில் புகழ்பெற்ற ஸ்பைடர், 1965-ல் லண்டன் ‘லயன்’ இதழில் டெட் கோவன் எழுத்தில் தொடங்கியது. ஓவியம் ரெக் பன். சில மாதங்களில் கதையை ஏற்றவர் ஜெர்ரி சீகல், ஆம், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். தமிழ்நாட்டுச் சிறுவர்கள் பல ஆண்டுகள் சீகலைப் படித்தார்கள், பெயர் தெரியாமலேயே. இரும்பு மனிதன் ஆர்ச்சியைத் தொடங்கியவரும் இதே டெட் கோவன்தான், 1952-ல்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் வேண்டும். சில பக்கங்களில் கதை ‘தட்டுத்தடுமாறுகிறது’ என்று உங்கள் கட்டுரையாளர் குறை சொல்கிறார். அது எழுதியவரின் தவறில்லை. வாரப் பக்கங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கும்போது தலைப்புப் படமும் சுருக்கமும் இருந்த இடத்தை வெட்டி, மிச்சக் கட்டங்களை நகர்த்தி ஒட்டுவார்கள். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை திடீர்த் திருப்பம் வந்து, அடுத்த கட்டத்திலேயே அது அடங்கிப்போவது அந்தத் தையல்தான். பெரிய வாரப் பக்கத்தைப் பாக்கெட் அளவுக்குக் குறுக்கும்போது கட்டங்களும் விடுபடும். தமிழ் வசனம் ஆங்கிலத்தைவிட நீளும். வசனம் எழுதும் பலூன் மட்டும் அதே அளவில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் சுருக்கியே ஆக வேண்டும். அப்போது முதலில் பலியாவது பெரும்பாலும் காரணம் சொல்லும் வசனம்.

அதற்காக எல்லா மாயாவி கதைக்கும் பல்மர் பெயரைப் போட்டுவிடக் கூடாது. அதுவும் பிழை. வாரத் தொடரின் எந்தப் பகுதி என்று மூல இதழின் தேதியை வைத்துத்தான் பல்மரா டல்லியா என்று முடிவு செய்ய வேண்டும். 1967, 68-ல் ஃப்ளீட்வே தனியாக வெளியிட்ட சிறு அளவு நூலக வரிசையில் மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் புதிதாக எழுதப்பட்ட முழுநீளக் கதைகள் உண்டு. அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்த் தலைப்பை வைத்துத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் பக்கப் படத்தை மூல இதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. உறுதியாகாத இடத்தில் பெயரை விட்டுவிடலாம், ஊகித்துப் போட வேண்டாம்.

இனி இத்தகைய கட்டுரைகளின் கீழே ஒரு சிறு பெட்டியில் மூலத் தொடரின் பெயர், முதலில் வந்த இதழ், தேதி, கதாசிரியர், ஓவியர், தமிழாக்கம் செய்தவர் என்ற விவரங்களை வெளியிடுங்கள். தமிழாக்கம் செய்தவர் பெயரை விட்டுவிடாதீர்கள். பழைய இதழ்களில் அதுவும் பெரும்பாலும் அச்சாகவில்லை, விசாரித்தால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாம் டல்லி பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வந்தால் மகிழ்வேன். மாயாவியையும், ‘ராய் ஆஃப் தி ரோவர்ஸ்’ கால்பந்துத் தொடரையும், ‘2000 ஏடி’ முதல் இதழிலிருந்து வந்த ‘ஹார்லெம் ஹீரோஸ்’ தொடரையும் எழுதிய ஒருவரைப் பற்றித் தமிழில் நான்கு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை.

தங்கள் வாசகர்,
மதுரை.