வாக்கைப் பிள்ளைகளிடமே விட்டுவைத்த பெரியவர்களுக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். ஊராரின் கொடையைத் திரட்டி உள்ளூர்த் தொண்டுகளுக்கு வழங்குவது எங்கள் ஊர்ச் சமூக அறக்கட்டளை. அதில் எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு உதவுவது என்று பள்ளிப் பிள்ளைகளே வாக்களித்துப் பரிந்துரைக்கும் இளையோர் நிதியுதவிக் குழு இந்தக் கல்வியாண்டுக்கான தன் பணியை நிறைவுசெய்திருக்கிறது. அறக்கட்டளையின் சார்பில் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் முறைப்படி கடிதம் போய்விட்டது. ஆயினும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தென்கிழக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில இவ்வாண்டு எங்களுக்குத் தோள்கொடுத்தன. அவர்களும், இதைக் கேள்விப்பட்டு “பள்ளிக்கூடப் பிள்ளைகளை நம்பி ஊர்ப் பணத்தைக் கொடுப்பார்களா?” என்று வியந்த அவர்களுடைய உறவினர்களும் அறியும்படி, யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதைத் தமிழிலும் எழுதிவைக்க விரும்பினேன்.

முதல் நன்றி, நாங்கள் நேரில் கண்டிராதவர்களுக்கு. பேட்டில் கிரீக் நகரில் 1930இல் தொடங்கப்பட்ட கெல்லாக் அறக்கட்டளை, 1980களின் இறுதியில் மிச்சிகன் அறக்கட்டளைகளின் மன்றத்தோடு இணைந்து, மாநிலத்தின் சமூக அறக்கட்டளைகளுக்கு ஒரு வாக்குறுதி அளித்தது. ஊரார் இரண்டு டாலர் திரட்டினால் தான் ஒரு டாலர் தருவதாகவும், அவ்வாறு 10 லட்சம் டாலர் வரை தருவதாகவும், அந்தப் பணம் இளையோர் நலனுக்கான நிரந்தர நிதியாக இருக்க வேண்டும் என்றும், அதிலிருந்து யாருக்கு உதவுவது என்பதைப் பதின்பருவத்தினரே ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றும் அது கூறியது. அதை ஏற்றுப் பல ஊர்களில் மக்கள் பணம் போட்டார்கள். கோயில் கட்டளையில் முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு அன்னதானம் நடப்பதைப் போல, அன்று போட்ட பணத்தின் வருவாயைத்தான் இன்றைய பிள்ளைகள் பகிர்ந்தளிக்கிறார்கள். அன்றைய கொடையாளிகளில் பலர் இன்று இல்லை. தங்களுக்குப் பிறகு பிறக்கப்போகும் பதினைந்து வயதுப் பிள்ளையின் முடிவை நம்பிக் காசோலை எழுதிய துணிவு எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

அறக்கட்டளையில் இத்திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் அலுவலருக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். வழிகாட்டிகளாக வர விரும்பிய எங்கள் ஒவ்வொருவருடைய பின்னணியையும் சரிபார்த்த பிறகே அவர் எங்களைச் சேர்த்துக்கொண்டார். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருக்கக் கூடாது என்ற விதியில் அவர் ஒருமுறைகூடத் தளர்வு காட்டியதில்லை. சிலருக்கு அது கெடுபிடியாகத் தோன்றியது. பெற்றோர் நிம்மதியாகத் தம் பிள்ளைகளை அனுப்பியதற்கு அந்தக் கெடுபிடியே காரணம் என்பது என் எண்ணம். பயிற்சி வகுப்பில் அவர் எங்களுக்குச் சொன்னவற்றில் தலையாயது, பெரியவர்களுக்கு வாக்கு இல்லை என்பதுதான். பிள்ளைகள் கேட்டால் விளக்கலாம், அவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்றைக் கேள்வியாக எழுப்பலாம், ஆனால் எந்த விண்ணப்பம் நல்லது என்று வாய்திறந்து சொல்லக் கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இவ்விதியைக் கடைப்பிடிப்பது, பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லிப் பழகிய நம் போன்ற பெற்றோருக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற கணக்காயர் ஐயா ஒருவரைத் தனியாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும். தொண்டு நிறுவனங்கள் அமெரிக்க வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் 990 படிவத்தைப் படிப்பது எப்படி என்று அவர் எங்கள் குழுவுக்குக் கற்றுக்கொடுத்தார். செலவுகள் அதில் தொண்டுப் பணி, நிர்வாகம், நிதி திரட்டல் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிர்வாகச் செலவு குறைவாக இருக்கும் நிறுவனமே நல்ல நிறுவனம் என்று பிள்ளைகள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அவர் அதை மறுக்கவில்லை, “கணக்கெழுத ஆள் வைக்காத நிறுவனத்தின் கணக்கை எப்படி நம்புவீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருந்தார். பிறிதொரு நாள், பள்ளி முடிந்த பின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு சிறு குழுவைப் பற்றி விவாதம் எழுந்தது. அதன் பெயரில் முழுப் படிவம் எதுவும் கிடைக்காததால், எதையோ மறைக்கிறார்கள் என்று ஒரு மாணவி உறுதியாக வாதிட்டாள். ஆண்டு வரவு பொதுவாக 50,000 டாலரைத் தாண்டாத நிறுவனங்கள் பெயரும் முகவரியும் பொறுப்பாளர் விவரமும் அடங்கிய சிறு படிவம் ஒன்றை இணையவழி தாக்கல் செய்தாலே போதும் என்பதை ஐயா எடுத்துக் காட்டினார். அந்த மாணவி அத்துடன் விடவில்லை. அப்படியானால் அவர்களுடைய வங்கிக் கணக்கு விவரத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் நாமே கேட்டு வாங்குவோம் என்று சொல்லி, வினாக்களைத் தன் கைப்பட எழுதினாள். ஐயா அப்போது முகம் மலர்ந்து சிரித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நேரில் பார்வையிட வந்த பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட தொண்டு நிறுவனத்தார் அனைவருக்கும் நன்றி. வந்திருப்பவர்கள் சிறுவர்கள்தாமே என்று ஒரு படக்காட்சியைப் போட்டுக் காட்டி அனுப்பிவிடாமல், உள்ளதை உள்ளபடி காட்டினீர்கள். உணவு வங்கி ஒன்றின் பொறுப்பாளர் அம்மையார், தாம் கேட்டிருந்த புதிய உறைபெட்டி ஏன் தேவை என்பதைச் சொல்லாமல் பழைய பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளை அழைத்துச் சென்று நிறுத்தினார். மூடியின் ரப்பர் விளிம்பு கிழிந்து, அதன்மேல் சாம்பல் நிற நாடா இரண்டு மூன்று அடுக்காக ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒரு புறம் பனிக்கட்டி ஒரு விரற்கடை தடிமனுக்குப் படர்ந்திருந்தது. பழுதுபார்த்தால் என்ன செலவாகும் என்று ஒரு மாணவன் கேட்டான். அவர் சினம் கொள்ளாமல், பழுதுபார்ப்பவர் எழுதிக்கொடுத்த மதிப்பீட்டையே எடுத்து அவன் கையில் கொடுத்தார். தங்களைவிட முப்பது நாற்பது வயது இளையவர்களிடம் இவ்வாறு கணக்குச் சொல்ல எல்லோருக்கும் மனம் வந்துவிடாது.

பனிக்காலத்து மாலைகளில் கார் ஓட்டிவந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு, கூட்டம் முடியும்வரை வெளியே காத்திருந்த பெற்றோர்களுக்கும், ஊர் நூலகத்தின் கூட்ட அறையை எங்களுக்கு ஒதுக்கித்தந்தவர்களுக்கும் நன்றி. தமிழ்நாட்டிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா ஒருவர், இறுதிக் கூட்டத்துக்குப் பெரிய பாத்திரம் நிறையப் புளியோதரை அனுப்பிவைத்தார். பீட்சா அன்று அப்படியே மிஞ்சியது.

என்னுடன் வழிகாட்டிகளாக இருந்த நண்பர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, ஏனெனில் அவர்கள் செய்த பேருதவி பெரும்பாலும் பேசாமல் இருந்ததுதான். தங்கள் வயதினருக்கு என்ன தேவை என்று அறியப் பள்ளிகளில் பிள்ளைகள் நடத்திய கருத்துக்கணிப்பில், பெரியவர்களான நாங்கள் எதிர்பார்த்த கணினியும் விளையாட்டும் பின்னுக்குப் போய், மன அழுத்தமும் தனிமையும் முன்னுக்கு வந்தன. அதன் அடிப்படையில், மாணவர்களே மாணவர்களுக்குச் செவிகொடுக்கும் ஒரு திட்டத்துக்குக் கணிசமான தொகையை ஒதுக்க அவர்கள் முனைந்தபோது, அது சரிவராது என்று எங்களில் சிலர் உள்ளூர நினைத்தோம். வாக்கெடுப்புக்கு முன்னால், தன் தாய் அத்திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் தன்னார்வலராக இருப்பதாக ஒரு மாணவன் தானாகவே எழுந்து அறிவித்துவிட்டு அறையைவிட்டு வெளியேறினான். யாரும் அவனிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நெடுநேரம் விவாதம் நடந்தது. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் உடனிருந்து மேற்பார்வை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு உதவி வழங்கத் தீர்மானித்தார்கள். எங்கள் தயக்கத்துக்கு மையமாக இருந்த விஷயமே அதுதான். நாங்கள் வாய்திறந்திருந்தால் அது எங்கள் நிபந்தனையாக இருந்திருக்கும்.

பிள்ளைகளின் பரிந்துரை அறக்கட்டளையின் அறங்காவலர் குழுவின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். சட்டப்படி பொறுப்பு அவர்களுடையது. பதினாறு, பதினேழு வயதினரும் இலாப நோக்கற்ற அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் இடம்பெறலாம் என்று மிச்சிகன் 1998இல் சட்டம் இயற்றியிருப்பதால், எங்கள் குழுவின் மாணவி ஒருத்தியே அங்கு அமர்ந்து பரிந்துரைகளை விளக்கினாள். கேள்விகளைக் கேட்டுவிட்டு, ஒரு வரியையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்ட அறங்காவலர்களுக்கு எங்கள் வணக்கம்.

உதவி கிடைக்காத நிறுவனங்களுக்கும் இம்மடலில் இடமுண்டு. கேட்ட தொகையின் கூட்டல், கையிலிருந்த தொகையைவிட மிக அதிகமாக இருந்தது. இயலாது என்று தெரிவிக்கும் கடிதங்களைப் பிள்ளைகளே எழுதினார்கள். அச்சிட்ட படிவத்தை அனுப்பாமல், விண்ணப்பத்தில் எது அவர்களுக்குப் பிடித்திருந்தது, எது தெளிவாக இல்லை என்பதை ஒவ்வொன்றிலும் குறிப்பிட்டார்கள். அவற்றைப் பெற்றவர்களில் ஒருவர், அடுத்த ஆண்டு எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பது தமக்கு இப்போது புரிந்தது என்று பதில் எழுதியிருந்தார். மறுத்தவர்களுக்கும் மடல் எழுதிய அந்தப் பெருந்தன்மையைப் பிள்ளைகள் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் இவ்வாண்டோடு விடைபெறுகிறார்கள். செப்டம்பரில் புதிய உறுப்பினர்கள் வருவார்கள்; அவர்களுக்கு வழிகாட்டிகளும் தேவைப்படுவார்கள். கணக்கு, சமூகப் பணி, கல்வி ஆகிய துறைகளில் பழக்கமுள்ள தமிழ் நண்பர்கள் கோடைவிடுமுறை முடிவதற்குள் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், பின்னணிச் சரிபார்ப்புக்கும் பயிற்சிக்கும் போதிய அவகாசம் இருக்கும்.

நன்றியுடன்,
தன்னார்வ வழிகாட்டி,
இளையோர் நிதியுதவிக் குழு