டட்லியின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

உலக வரலாற்றைத் தமிழில் காணொளியாகச் சொல்லிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மகளோடு உட்கார்ந்து இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியைப் பற்றிய ஒரு காணொளி பார்த்தேன். ஆறு மனைவியரின் கதை விலாவாரியாக வந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு வரி: இளம் ராஜா பட்டத்துக்கு வந்ததும் மக்களைச் சுரண்டிய இரண்டு பேரைக் கொன்று நீதி வழங்கினாராம். மகள் கைதட்டினாள். எனக்கு மனசே ஆறவில்லை.

அந்த இரண்டு பேர், எட்மண்ட் டட்லியும் ரிச்சர்ட் எம்ப்சனும், எட்டாம் ஹென்றியின் அப்பா ஏழாம் ஹென்றிக்குப் பணம் வசூலித்துக் கொடுத்த மந்திரிகள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் நல்லவர்கள் என்று வாதாடவும் வரவில்லை. லண்டனில் சன்னிஃப் என்றொரு வியாபாரி. சிசுவைக் கொன்றதாக அவர்மேல் பழி போட்டு 500 பவுண்டு கேட்டார்கள். மறுத்தவரைச் சிறையில் தள்ளினார்கள். ராஜாவுக்குப் பணம் கட்டுவதாகப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பல வருஷம் பயந்து வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய வயிற்றெரிச்சல் நியாயமானது.

ஆனால் அந்தப் பணம் யாருடைய பெட்டிக்குப் போனது? வரவுக் கணக்கைத் தானே பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் ஏழாம் ஹென்றி. 1509 ஏப்ரல் 21 அன்று அவர் இறந்தார். சாவை ஓரிரு நாள் மறைத்து வைத்தார்கள். 24ஆம் தேதி இருவரும் கைது. சரி, வசூல் கொடுமைக்காகவா மரண தண்டனை? இல்லை, ராஜத் துரோகத்துக்காக! ஆயுதம் ஏந்திய ஆட்களை லண்டனுக்கு வரவழைத்துப் புது ராஜாவுக்கு எதிராகச் சதி செய்தார்களாம். வசூலைத் தோண்டினால் செத்துப்போன ராஜாவையும் சேர்த்தல்லவா விசாரிக்க வேண்டும்?

தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். அவர்கள் செய்த தப்பு ஒன்று, தலை போனது வேறொன்றுக்கு.

லண்டன் டவர் கோட்டைச் சிறையில் டட்லி ஒரு பட்டியல் எழுதினார். செத்துப்போன ராஜா யார் யாரிடம் நியாயமில்லாமல் பணம் பிடுங்கினார் என்று 80-க்கும் மேற்பட்ட பதிவுகள். ராஜாவின் உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களுக்குத்தான் அதை அனுப்பினார். சாவு எதிரே நிற்கும்போது, அந்த அநியாய வசூல்களை ஒருவர் நினைவிலிருந்து எடுத்து எழுதுகிறார், இவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று. அதைப் படித்த நாளிலிருந்து அந்த மனிதரை வெறும் வில்லனாகப் பார்க்க என்னால் முடியவில்லை. 1510 ஆகஸ்ட் 17 அன்று டவர் குன்றில் இருவர் தலையையும் வெட்டினார்கள். புது ராஜா சில பத்திரங்களை ரத்து செய்தது உண்மைதான். ஆனால் அப்பா விட்டுப்போன செல்வம் அவருக்குத்தானே வந்தது?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருந்தும் ராஜா கதை என்றால் மட்டும் ராஜா தங்கம், மந்திரி நயவஞ்சகன் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எத்தனை தலைமுறைக்கு இது? முப்பது வருஷம் கழித்து எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல்லுக்கும் அதே குன்றில் அதே முடிவுதான். அதையும் ஒரு வரியில் தாண்டிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் உழைப்பின்மேல் மரியாதை இருப்பதால்தான் எழுதுகிறேன். அடுத்த முறை எட்டாம் ஹென்றியைத் தொடும்போது இரண்டு நிமிஷம் ஒதுக்குங்கள். துரோக வழக்கைச் சொல்லுங்கள், அந்தப் பட்டியலையும் சொல்லுங்கள். மகளுக்கு அதைப் போட்டுக் காட்டக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் காணொளிகளைத் தவறாமல் பார்க்கும் ஒரு தகப்பன்