லிகெட்டி அந்தப் படத்துக்கு இசையமைக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளிப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், இயக்குநர் குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்குத் 'திகில் இசை அமைத்துக் கொடுத்தவர் ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

தாங்கள் அறியாததல்ல. ஜியோர்ஜ் லிகெட்டி அந்தப் படத்துக்காக ஒரு சுரம்கூட எழுதவில்லை. படத்தில் ஒலிப்பவை எல்லாம் அவர் கச்சேரி மேடைக்காக முன்பே எழுதியவை: 1961இன் 'அட்மாஸ்ஃபியர்', 1965இன் 'ரெக்வியம்', பதினாறு குரல்களுக்கான 'லக்ஸ் ஏட்டெர்னா'. படம் வெளிவந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. 'அவாந்த்யூர்' என்ற படைப்பின் ஒலியை மாற்றியும் சேர்த்திருந்தார்கள். படம் அவருக்குப் பிடித்திருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால், தன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு நஷ்டஈடு கோரிப் போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவரை 'அமைத்துக் கொடுத்தவர்' என்று எழுதுவது நியாயமா?

'திகில்' என்ற சொல் அதைவிட வலித்தது. லிகெட்டி 1923இல் திரான்சில்வேனியாவில், ஹங்கேரிய மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1944இல் அவரைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்தார்கள். தந்தையும் தம்பியும் நாஜி வதைமுகாம்களில் மாண்டார்கள். தாய் மட்டும் ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பினார். இவ்வளவையும் சுமந்த ஒருவர் இறந்தோருக்காக எழுதிய பிரார்த்தனை இசை அந்த 'ரெக்வியம்'. அதைப் பேய்ப்படச் சத்தம்போல் பேசியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர்.

நான் பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பியானோ கற்றுத் தருகிறேன். தங்கள் இதழில் வந்துகொண்டிருந்த மேலையிசைப் பகுதியை நிறுத்தியபோது, 'வாசகர்களுக்குப் புரிவதில்லை' என்று காரணம் சொன்னீர்கள். அந்தக் காரணத்தை நான் அன்றும் ஏற்கவில்லை. 1951 முதல் 1953 வரை புடாபெஸ்டில் லிகெட்டி எழுதிய 'மூசிகா ரிச்செர்காட்டா'வின் முதல் துண்டை என் மாணவி ஒருத்தி பள்ளி விழாவில் வாசித்தாள். ஏறக்குறைய முழுவதும் ஒரே சுரம்தான். மேலும் கீழுமாக வெவ்வேறு ஸ்தாயிகளில் அதே சுரம் தாளத்தை மாற்றி மாற்றி ஓடும், கடைசியில்தான் இரண்டாவது சுரம் வந்து சேரும். அடுத்தடுத்த துண்டுகளில் ஒவ்வொரு சுரமாகக் கூடி, பதினோராவதில் பன்னிரண்டும் வந்துவிடும். அரங்கில் இருந்த பெற்றோர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன் மேலையிசைக் கச்சேரிக்கே போகாதவர்கள். ஒருவரும் அசையவில்லை. அந்த இரண்டாவது சுரம் விழுந்ததும் கைதட்டினார்கள். ஒரு தாத்தா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இவர்களுக்கா புரியாது?

ஸ்டாலின் காலத்து ஹங்கேரியில் இப்படிப்பட்ட இசையை மேடையேற்ற வழியில்லை. எழுதி இழுப்பறைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1956இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்த பின், டிசம்பரில் லிகெட்டி தம் முன்னாள் மனைவி வேராவோடு எல்லை தாண்டி வியன்னாவுக்குத் தப்பினார். ஜெர்மனியின் கொலோன் வானொலியின் மின்னணு இசைக்கூடத்தில் கற்றதைப் பின்னர் முழு வாத்தியக் குழுவுக்குக் கொண்டுவந்தார். 'அட்மாஸ்ஃபியர்' படைப்பில் வயலின் கலைஞர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி உண்டு. அத்தனை இழைகளும் பின்னிக்கொள்ளும்போது மெட்டும் தாளமும் கரைந்துபோய், ஒலியின் நிறம் மாறுவது மட்டுமே காதில் நிற்கிறது. இதைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு சொல் உண்டா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்த்தோக் பற்றிய கட்டுரையில் இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான கோடாயின் புகைப்படத்தை அச்சிட்டிருந்தீர்கள். உடனே எழுதினேன், பதில் வரவில்லை. 2006 ஜூனில் லிகெட்டி வியன்னாவில் காலமானபோது இரங்கல் குறிப்பு வரும் என்று இதழ் இதழாகப் புரட்டினேன். 2018இல் அவருடைய நெருங்கிய நண்பரான இசையமைப்பாளர் குர்டாக், 92 வயதில், தமது முதல் ஓபராவை மிலானின் லா ஸ்காலா அரங்கில் தந்தார். அதற்கும் தங்கள் பக்கங்களில் இடம் கிடைக்கவில்லை. சினிமா வழியாக வந்தால்தான் ஓர் இசைக்கலைஞருக்குத் தங்கள் இதழில் நுழைவு என்றால், அப்படி வரும்போதாவது உண்மையை எழுதியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. லிகெட்டி அந்தப் படத்துக்காக இசையமைக்கவில்லை, அவருடைய படைப்புகளை அவரைக் கேட்காமலே பயன்படுத்தினார்கள் என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வரட்டும். பார்த்தோக்கின் சரியான படத்தையும் அதோடு சேர்த்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி