தம்பியின் கேள்விக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. தம்பி மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தப் போகிறான் என்பதையும், “பட்டம் வாங்கிய அண்ணன் என்ன கோட்டை கட்டிவிட்டான்?” என்று அவன் கேட்டதையும் படித்தபின் பேனாவை எடுக்கவே மனம் வரவில்லை. தாமதத்தை மன்னியுங்கள்.

நான் நலமாக இருக்கிறேன். கிடங்கு வேலை இரவில் என்பதால் நெரிசலில்லாமல் போய்வர முடிகிறது. குளிரைத்தான் சொல்ல வேண்டும். மூச்சுக்காற்று கழுத்துத் துணியில் உறைந்து, வீடு திரும்புவதற்குள் துணி அட்டை போல் விறைத்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் விசித்திரப் பிறவி. விடியுமுன் எழுந்து தம் வாசல் பனியோடு என் படிகளின் பனியையும் வாரித் தள்ளுவார். நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்லூரி வாசலை மிதிக்காத அவர், எலெக்ட்ரீஷியனாக உழைத்துச் சொந்த வீடு வாங்கியவர். கனடாவின் இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் அந்தத் தொழிலுக்கு ஏறத்தாழ 9,000 மணி நேரப் பயிற்சி, பெரும்பகுதி சம்பளத்தோடு. என் பட்டத்துக்கோ, பொறியாளர் உரிமம் பெற 48 மாத அனுபவமும் தேர்வுகளும் காத்திருக்கின்றன. கனடாவிலேயே பெற்ற அனுபவம் கட்டாயம் என்ற விதியை உரிம அமைப்பு 2023இல் நீக்கிவிட்டது. வேலைக்கு எடுப்பவர்கள்தான் அதை இன்னும் மறக்கவில்லை. ஆகவே தம்பி கேட்டதில் பாதி நியாயம் உண்டு.

மறுபாதியை அவனிடம் சொல்லுங்கள். இங்கே குடியேற விண்ணப்பிப்போரை மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், மணமாகாதவனுக்குப் பள்ளியிறுதிப் படிப்புக்கு 30 மதிப்பெண், இளநிலைப் பட்டத்துக்கு 120. நான்காண்டுப் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டவனுக்கும் அதே 30தான். ஒருவனின் திறமையை வேலை தருபவர் நேரில் காண முடியாததால் பட்டத்தையே அடையாளமாகக் கொள்கிறார் என்று மைக்கேல் ஸ்பென்ஸ் என்னும் பொருளியலாளர் 1973இல் எழுதினார். அந்த அடையாளம் கடைசி ஆண்டின் முடிவில்தான் கைக்கு வரும். இதுவரை கட்டிய கட்டணமும், வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக்கூடிய மூன்றாண்டுச் சம்பளமும் போனது போனதுதான். இனி அவன் கணக்குப் பார்க்க வேண்டியது மீதமுள்ள ஓராண்டை மட்டுமே. அதன்பின் அவன் எலெக்ட்ரீஷியன் வேலை கற்கப் போனாலும் நான் தடுக்க மாட்டேன்.

நேற்று வேலை முடிந்து வந்து படுத்தபோது, பெரியவரின் மண்வாரி சிமென்டில் உரசிய சத்தம் அம்மா வாசல் கூட்டுவது போலவே கேட்டது. எழுந்து ஜன்னலருகே வெகுநேரம் நின்றிருந்தேன்.

அம்மாவின் வளையலை அடகு வைக்க வேண்டாம். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று தம்பியைக் கல்லூரியில் விசாரிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் நானே அனுப்புகிறேன். முதல் தவணை இந்த மாதக் கடைசியில்தான் வரும். இங்கே வங்கியில் ஏதோ தாமதம். வீட்டு வரி ரசீதைப் பெரியப்பாவிடமிருந்து மறவாமல் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்